வார்ப்பிரும்பு உலையும் அதன் காப்பும்

வன்மையும் நொய்ம்மையும் ஒரு பொருளினிடத்தே ஒருங்கு உறைதல் உலகில் காணப்படுவதே. பெருமாளிகையின் பாரத்தைத் தலைமேல் தாங்கித் தலைமுறை தலைமுறையாக அசையாது நிற்கும் வார்ப்பிரும்புத் தூண், பக்கவாட்டில் வீழ்ந்த ஒரு சம்மட்டி அடிக்குப் பிளந்துவிடும். இரும்புத் தொழிலையே குடித்தொழிலாகக் கொண்டோருள் இவ்வியல்பை அறியாதார் இலர். ஆயினும், வார்ப்பிரும்பினால் இயன்ற உலைத்தட்டில் ஒரு கீறல் கண்ட அன்றே, 'இனி இஃது உதவாது' என்று பழைய இரும்புக் கடைக்கு நிறைபோட்டு விற்பாரும், 'பற்றவைத்துவிட்டால் தீர்ந்தது' என்று ஆராயாது அதன்மேல் தீயைப் பாய்ச்சுவாரும் பலராக உளர். இவ்விரண்டும் வழுவேயாம். அவ்வுலை எங்ஙனம் தோன்றியது, அது வெடிப்பதற்குக் காரணம் யாது, முன்னிருந்த தொழிலாளர் அதனைக் காத்த முறை எத்தன்மைத்து என்னும் வரலாற்றை அறிந்தவனுக்கு இவ்வழுக்கள் நேரா. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுதும்.

முதற்கண் வார்ப்பிரும்பின் இயல்பை அறிதல் வேண்டும். கொல்லன் கையாளும் இரும்பு தேனிரும்பு, எஃகு, வார்ப்பிரும்பு என மூவகைப்படும். இம்மூன்றையும் வேறுபடுத்துவது பெரும்பாலும் அவற்றினுள் கலந்துள்ள கரியின் அளவேயாம். தேனிரும்பில் கரி மிகச் சிறிது. எஃகில் அதனினும் சற்று மிகுதி. வார்ப்பிரும்பிலோ நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு வரை கரி உண்டு. இம்மிகுதியால் இரு விளைவுகள் நேர்கின்றன. ஒன்று, தேனிரும்பு உருகுதற்கு ஏறத்தாழ 1,530 பாகை சென்டிகிரேடு வெப்பம் வேண்டியிருக்க, வார்ப்பிரும்பு 1,150 முதல் 1,200 பாகை அளவிலேயே நீர்போல் உருகி அச்சினுள் ஓடும். மற்றொன்று, அஃது ஆறி இறுகுங்கால் கரியின் ஒரு பகுதி மென்செதில்களாகப் பிரிந்து இரும்பினூடே பரந்து நிற்கும். ஒவ்வொரு செதிலும் ஒரு நுண்ணிய பிளவை ஒத்தது. ஆகலின், அமுக்கும் பாரத்திற்கு வார்ப்பிரும்பு நன்கு ஈடுகொடுக்கும். இழுக்கும் விசைக்கோ எளிதில் தோற்கும். வளைந்து கொடுத்தல் அதன் இயல்பன்று. எனவே தேனிரும்பைப் போல் முன்னறிவிப்பாக வளையாது, திடீரெனப் பிளந்துவிடும்.

இரும்பை நீராக உருக்கி வார்க்கும் கலையில் முந்தியோர் சீனர். கிறித்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டளவிலேயே அந்நாட்டில் வார்ப்பிரும்புக் கருவிகள் தோன்றிவிட்டன. ஐரோப்பியர் அக்கலையைப் பெற்றது இடைக்காலத்தின் பிற்பகுதியிலேயாம். இங்கிலாந்தின் தென்பகுதியில், ஆஷ்டவுன் காட்டிலுள்ள நியூபிரிட்ஜ் என்னுமிடத்தில் 1496 ஆம் ஆண்டில் ஊதுலை ஒன்று எழுந்தது. அதற்கு அணித்தாகிய பக்ஸ்டெட்டில் 1543 ஆம் ஆண்டில் இரும்புப் பீரங்கி வார்க்கப்பட்டது. அந்நாட்டு உலைகளில் வார்க்கப்பெற்ற பொருள்களுள் கணப்புத் தகடும் ஒன்று. குளிர் நாட்டு இல்லங்களில் கணப்பின் பின்சுவர்ச் செங்கல் தீயால் பொரிந்து உதிராவண்ணம் அச்சுவரின் முன் சாத்தி வைக்கப்படும் கனத்த வார்ப்புத் தகடே அது. அங்கே இரும்பு மண்ணைக் காத்தது. கொல்லன் உலையிலோ மண்ணே இரும்பைக் காக்க வேண்டும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

மரக்கரியால் எரிந்த அவ்வூதுலைகளுக்குக் காடுகள் போதாவாயின. 1709 ஆம் ஆண்டில் கோல்புரூக்டேல் என்னும் ஊரில் ஆபிரகாம் டார்பி என்பார் நிலக்கரியைச் சுட்டுப் பெற்ற கற்கரியால் இரும்புருக்கும் முறையில் வெற்றி கண்டார். அதன்பின் வார்ப்பிரும்பின் விலை படிப்படியாகத் தாழ்ந்தது. சட்டியும் அடுப்பும் தூணும் பாலமும் அதனால் இயன்றன. அவ்வூரின் அருகே செவர்ன் ஆற்றின் குறுக்கே, அவர்தம் பேரராகிய மூன்றாம் ஆபிரகாம் டார்பியின் ஆலையார் வார்த்த இரும்புப் பாலம் 1779 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அதன் உறுப்புக்களைத் தச்சர் மரத்தை இணைக்குமாறு போலக் கழுந்தும் துளையுமாகவும் ஆப்பிட்டும் பொருத்தினர். நாளடைவில் கரைகள் நெகிழ்ந்து உறுப்புக்கள் பல கீறல் விட்டன. ஆயினும் பாலத்தை இடித்துத் தள்ளினாரல்லர். கீறிய இடங்களைத் தேனிரும்புப் பட்டைகளால் அணைத்துக் கட்டினர். 2017, 2018 ஆம் ஆண்டுகளில் அதனைப் பெரும்பொருள் செலவிட்டு மீண்டும் செப்பனிட்டுள்ளனர். கீறலுடனேயே அப்பாலம் இருநூற்றாண்டுகளுக்கு மேலாக நின்று வருகின்றது.

இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. செஸ்டர் நகரத்தருகே டீ ஆற்றின்மேல், ராபர்ட் ஸ்டீபன்சன் என்னும் புகழ்பெற்ற பொறிவல்லார் வகுத்த இருப்புப்பாதைப் பாலம் 1847 மே 24 ஆம் நாள் புகைவண்டி செல்லுங்கால் முறிந்து ஐவர் உயிரிழந்தனர். இரண்டும் வார்ப்பிரும்பே, ஒன்று நிற்க மற்றொன்று வீழ்ந்தது என்னை? முன்னையது வில்வளைவு, அதன் உறுப்புக்கள் பெரும்பாலும் அமுக்கப்படுவன. பின்னையது கிடைவிட்டம், நடுவிற் பாரம் ஏறுந்தோறும் அதன் அடிப்பக்கம் இழுக்கப்படுகின்றது. கால்களின்மேல் நிற்கும் உலைத்தட்டும் இவ்விட்டத்தை ஒத்ததே. நடுவில் கரியும் இரும்பும் அழுத்த, அதன் அடிப்பக்கம் இழுப்புண்கின்றது. ஆதலின் அதற்குக் கட்டு வேண்டுமாயின் அக்கட்டு அடிப்பக்கத்திலேயே அமைதல் வேண்டும். இதனை மறவாது மனத்திற் கொள்க.

இனி, நம் நாட்டு உலையை நோக்குவோம். தமிழகத்துப் பழந்தொழிலாளர் இரும்பை உருக்கி வார்த்தாரல்லர். கல்லைச் சுட்டுக் கட்டியிரும்பாக எடுத்து, அடித்துத் தூய்மை செய்தனர். மூசையிலிட்டு எஃகும் ஆக்கினர். கொடுமணலில் நிகழ்ந்த அகழாய்வில் வெளிப்பட்ட இரும்புலைகளின் எச்சங்கள் அத்தொழிலின் தொன்மையைக் காட்டும். கொல்லுப்பட்டறை உலையோ தரையிற் குழித்து மண்ணால் அணைகோலித் துருத்திமூக்குச் செருகியது. அது வெடித்தால் ஒரு கைப்பிடி மண் அப்புவதே செப்பம். 1830 ஆம் ஆண்டில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் ஊதுலை நிறுவிச் சேலத்துக் கல்லை மரக்கரியால் உருக்கியபோதுதான் வார்ப்பிரும்பு இப்பகுதியிற் பேரளவில் ஓடலாயிற்று. அவ்வாலையும் அந்நூற்றாண்டு முடியுமுன்னரே அவிந்தது. எனவே வார்ப்பிரும்பால் உலையே சமைக்கும் வழக்கம் நமக்குப் பிறநாட்டிலிருந்து வந்ததாகும்.

அவ்வழக்கம் பெருகிய நிலம் அமெரிக்க ஐக்கிய நாடு. பரந்த அந்நாட்டில் இருப்புப்பாதை போடுவோரும், பாலம் கட்டுவோரும், பண்ணையாளரும் ஓரிடத்து உலையை நம்பியிருத்தல் இயலாதாயிற்று. கால்களுள்ள தட்டும், கையாற் சுழற்றும் காற்றுப்பெட்டியும் கூடிய பெயர்த்துச் செல்லும் உலையை 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆலைகள் ஆயிரக்கணக்கில் வார்த்து விற்றன. நியூயார்க்கு மாநிலத்துப் பஃபலோ நகரில் எழுந்த 'பஃபலோ போர்ஜ்' கம்பெனியும், பென்சில்வேனியாவில் லங்காஸ்டர் நகரத்துச் 'சாம்பியன்' கம்பெனியும் அவற்றுட் பேர்பெற்றவை. காற்றை ஆளும் இத்தொழிலினின்றும் பிறிதொரு புதுமையும் பிறந்தது. பஃபலோ கம்பெனியில் 1901 ஆம் ஆண்டில் அமர்ந்த வில்லிஸ் கேரியர் என்னும் இளைஞரே மறுவாண்டில் புரூக்ளின் நகரத்து அச்சகம் ஒன்றிற்காகக் குளிர்காற்றுப் பொறியை வகுத்தார். இன்று இல்லந்தோறும் குளிரூட்டும் கருவி, கொல்லனுலைக்குக் காற்றூதிய ஆலையில் உருவாயிற்று என்பது நம்மனோர்க்கு மகிழ்ச்சி தருவதே.

பெயர்த்துச் செல்லும் சிற்றுலை எத்துணைப் பயன்பட்டது என்பதற்குப் பாரிசு நகரத்து ஈபெல் கோபுரமே சான்று. 1887 முதல் 1889 வரை அக்கோபுரம் எழுந்தபோது சுமார் 25 இலட்சம் தறையாணிகள் அடிக்கப்பட்டன. தறையாணிக் குழு ஒவ்வொன்றும் நால்வரைக் கொண்டது. ஒருவன் ஆணியைக் காய்ச்ச, ஒருவன் தாங்கிப் பிடிக்க, ஒருவன் தலை அமைக்க, ஒருவன் சம்மட்டியால் அடிப்பான். அவர்களுடன் சிற்றுலைகளும் மேலே ஏறின.

மேற்கூறிய அமெரிக்க உலைகளிற் சிலவற்றின் தட்டில் ஒரு கட்டளை எழுத்தாகவே வார்க்கப்பட்டிருக்கும்; 'பயன்படுத்துமுன் களிமண் பூசுக' என்பது அதன் பொருள். தாளில் எழுதிக் கொடுத்தால் தொலைந்துவிடுமென்று இரும்பிலேயே பொறித்து வைத்தனர். உலையைச் செய்தவனே அதன் குறையை உணர்ந்து அதற்கு மருந்தும் கூறிச் சென்ற இச்செயல் பாராட்டற்பாலது. ஆனால் தலைமுறை கடந்தபின் அவ்வெழுத்துக்களைக் கரித்தூள் மூடியது; பொருளும் மறைந்தது. மண் உதிர்ந்த தட்டில் நேரே தீ மூட்டினர், தட்டும் வெடித்தது.

இக்கட்டளை எல்லா வார்ப்புலைக்கும் ஒரே அளவில் உரியதன்று. உலைகள் இரு வகைய. நடுவில் கனத்த தனித் தீக்குழி பொருத்திய பேருலை ஒருவகை. அதன் குழி ஓரளவு வெப்பத்தைத் தானே தாங்கும். ஆழமில்லாத மெல்லிய தட்டின் நடுவே துருத்திமூக்கு மட்டும் திறந்த சிற்றுலை மற்றொரு வகை. இதற்கு மண்காப்பு இன்றியமையாதது.

வெடிப்பிற்குக் காரணம் கூறுவாம். இரும்போடு இரும்பை அடித்து ஒட்டுங்கால் உலைத்தீ 1,300 பாகை அளவிற்கு ஏறும். வார்ப்பிரும்போ 1,200 பாகைக்குள் உருகிவிடும் என்று முன்னர்க் கூறினோம். எனவே அவ்வுலை தன்னையே உருக்கவல்ல தீயைத் தன் மடியில் ஏந்தி நிற்கின்றது. தட்டின் நடு செந்நிறமாகக் காய்ந்து விரிய, விளிம்பு குளிர்ந்தே கிடந்து விரிய மறுக்கும். இப்போராட்டத்தில் விளிம்பு இழுப்புண்டு கீறுகின்றது. கரியை அடக்கத் தெளிக்கும் நீர் காய்ந்த தட்டிற் படுதல், சமனில்லாத் தரையில் மூன்று கால் ஊன்ற ஒரு கால் தொங்குதல், திருகாணியை அளவிறந்து முறுக்குதல், வண்டியில் ஏற்றுங்கால் கீழே போடுதல் ஆகியன ஏனைக் காரணங்கள். இனி, பன்முறை கடுஞ்சூடு பட்ட வார்ப்பிரும்பில் செதில்களின் வழியே காற்றுப் புகுந்து உள்ளும் துருவேறும். அவ்விரும்பு பருத்துத் தளர்ந்துவிடும். அங்ஙனம் வெந்த இரும்பில் எப்பற்றும் பற்றாது.

கீறலைச் செப்பனிடும் கலையின் வரலாறும் அறியத்தக்கது. பண்டு தீயின்றிப் பட்டையும் ஆணியுங் கொண்டு கட்டுவதே பெருவழக்கு. 1903 ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டில் அசெட்டிலீன் வாயுவும் உயிர்வாயுவும் கலந்தெரியும் விளக்குத் தொழிற்கு வந்தது. மின்பொறியால் ஒட்டும் முறையும் வளர்ந்தது. அதன் பெருஞ்சோதனை 1917 ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. முதல் உலகப்போரில் அமெரிக்கா இறங்கியபோது அதன் துறைமுகங்களில் தங்கியிருந்த செருமானியக் கப்பல்களைக் கைப்பற்றிற்று. அவற்றின் மாலுமிகளோ, கப்பல் பகைவர்க்கு உதவாவண்ணம் பொறிகளின் வார்ப்பிரும்பு உருளைகளை முன்னரே உடைத்து வைத்திருந்தனர். புதியன வார்த்தாலன்றி இயலாது என்றனர் சிலர். அதற்கோ நெடுங்காலம் வேண்டும். கடற்படைப் பொறிவல்லாரோ, உடைந்த விளிம்பில் ஆணிகளைத் திருகி நிறுத்தி, எஃகுத் துண்டுகளைப் பொருத்தி, மின்பொறியால் ஒட்டிச் சில திங்களிற் கப்பல்களை ஓட்டினர். அவை படைவீரரை ஏற்றிக்கொண்டு பிரான்சுக்குச் சென்றன. தீயை வெறுமனே நம்பாது, ஆணியின் பிடிப்பையும் துணைக்கொண்டமையே அவ்வெற்றிக்குக் காரணமாம். பின்னர் 1930 ஆம் ஆண்டையடுத்து, தீப்பொறி படலாகாத அமெரிக்க எண்ணெய் வயல்களில், கீறலின் குறுக்கே குழிவெட்டி உலோகச் சாவிகளை அறைந்து தைக்கும் குளிர்முறையும் தோன்றிற்று.

இவ்வரலாற்றினின்றும் நாம் கொள்ளும் முறை வருமாறு.

முதலாவது, கீறலின் முடிவிடத்தைக் காண்க. தட்டை நன்கு துலக்கி, ஆறிய நிலையில் மண்ணெண்ணெய் தடவிச் சிறிது பொறுத்துத் துடைத்துவிட்டு, சீமைச்சுண்ணாம்புத் தூளைப் பூசுக. கீறலினுள் ஒளிந்த எண்ணெய் ஊறிச் சுண்ணாம்பில் கோடு காட்டும். முற்காலத்தில் புகைவண்டி அச்சுக்களைச் சோதித்ததும் இம்முறையாலேயாம். அக்கோடு முடியுமிடத்தே, கண்ணுக்குத் தெரியும் முனைக்கு அப்பாற் சிறிது தள்ளி, கால் அங்குலத்திற்கு மேற்படாத துளையிடுக. ஊசிபோற் கூரிய கீறல்முனையே மேலும் மேலும் பிளந்து செல்வது. வட்டத்துளையில் அதன் கூர்மை மழுங்கும். துளைக்கு நடுக்குறி அடிக்குங்கால் மெல்ல அடிக்க. தட்டின் விளிம்பில், காலின் பாரம் படாத இடத்தில் உள்ள சிறு கீறலுக்கு இத்துளையும் மண்காப்புமே போதும்.

இரண்டாவது, கீறல் நீண்டதாயினும் காலைப் பொருத்தும் இடத்தை அணுகினும், அடிப்பக்கத்தில் எஃகுப் பட்டை இரண்டு மூன்றைக் கீறலுக்குக் குறுக்கே வைத்துத் திருகாணியால் இறுக்குக. பட்டையின் துளைகள் சற்று நீண்டிருத்தல் வேண்டும். வெப்பத்தால் விரியும் தட்டிற்கு அது வழிவிடும். துளை இறுகப் பொருந்தினால் பழைய கீறலுக்கு அணித்தே புதியது தோன்றும். துத்தநாகம் பூசிய ஆணிகளைத் தீயருகே கொள்ளற்க. அவை காய்ந்தால் எழும் புகை நோய் தரும்.

மூன்றாவது, பற்றவைப்பதே தேவையாயின், வல்லான் ஒருவனையே நாடுக. உறுப்பு முழுவதையும் மெல்லச் சீராகக் காய்ச்சி, நிக்கல் கோலால் சிறிது சிறிதாக ஒட்டி, ஒட்டிய இடத்தைச் சூடாறுமுன் மென்மையாகத் தட்டி, பின் சாம்பலிலோ மணலிலோ புதைத்து ஒருநாள் ஆறவிடுதல் வேண்டும். ஓரிடத்தை மட்டும் திடீரெனக் காய்ச்சுவது நோயை மருந்தாகக் கொடுப்பதேயாம். பித்தளைப் பற்று விளிம்பிற்கு ஆகும். தீக்குழியருகே அஃது உருகிவிடும். தீக்குழியே வெடித்ததாயின் அதனைக் கழற்றி, அதனையே மாதிரியாகக் கொண்டு புதிது வார்ப்பித்தலே நன்று. 1948 ஆம் ஆண்டில் உலகறியச் செய்யப்பட்ட குண்டுக்கரி வார்ப்பிரும்பில், மக்னீசியத்தின் சேர்க்கையால் கரி செதிலாகாது உருண்டைகளாக நிற்கும். அது பழைய வார்ப்பைப்போல் எளிதில் முறியாது. வார்ப்படச்சாலையில் அதனைக் கேட்டுப் பெறுக.

நான்காவதும் தலையாயதும் மண்காப்பு. சூளைச் செங்கலுக்குரிய தீக்களியுடன் கூர்மணலை மிகுதியாகக் கலந்து, உதிராத அளவிற்கே நீர் தெளித்துப் பிசைக. கையிற் பிடித்த பிடி விரல் தடத்தைக் காட்டி, முறித்தால் இரண்டாக நேரே முறியுமாயின் பதம் அதுவே. சேறுபோற் குழைத்தால் உலருங்கால் சுருங்கி வெடிக்கும். பூசுவதினும் கட்டையால் இடித்துச் செறித்தலே சிறந்தது. ஓரங்குலம் அளவில், துருத்திமூக்கை நோக்கிச் சரிவாக அமைக்க. கூழாங்கல் கலவாமற் பார்க்க; அது சூட்டில் வெடித்துக் கண்ணைக் கெடுக்கும். சிமிட்டியும் அவ்வாறே தீயிற் பொரிந்து தெறிக்கும், அதனை விலக்குக. நிழலிற் பலநாள் உலரவிட்டு, முதலில் சிறுவிறகுத் தீயும், பின் கரித்தீயும் மூட்டுக. அவசரப்பட்டால் உள்ளே அகப்பட்ட ஈரம் ஆவியாகிக் காப்பைப் பெயர்த்துவிடும். மண்ணிற் சிறுவெடிப்புக் கண்டால் அஞ்சற்க. அதனை மண்ணாலேயே அடைக்கலாம். இரும்பு வெடிக்காமல் தான் வெடித்தலே அதன் தொண்டு.

ஐந்தாவது, தொழில் முடிந்தபின் காத்தல். நிலக்கரிச் சாம்பலில் உள்ள கந்தகம் ஈரத்துடன் கூடி அமிலமாகி இரும்பை அரிக்கும். ஆதலின் சாம்பலையும் கிட்டத்தையும் அன்றன்றே நீக்குக. மழைபடும் முற்றத்தில் உலையை விடற்க. நனைந்த மண்காப்பின்கீழ் துரு மறைந்து வளரும். நெடுநாள் தீ மூட்டாது வைப்பதாயின் மண்ணைப் பெயர்த்தெடுத்து, தட்டைத் துலக்கி, எண்ணெய் தடவி வைத்தல் நலம்.

இங்ஙனம் நோக்குமிடத்து, வார்ப்பிரும்பு உலை என்பது உண்மையில் ஓர் ஏந்துகலமே. தீயைத் தாங்கும் உலை அதனுள் இடித்து வைத்த மண்ணேயாம். நம் முன்னோர் தரையிற் குழித்த உலைக்கும் அமெரிக்க ஆலை வார்த்த உலைக்கும் இவ்வளவில் வேற்றுமை இல்லை. மண்ணிடித்து உலையமைக்கும் கைப்பழக்கம் நம் இல்லத்து முதியோரிடம் இன்னும் எஞ்சியுள்ளது. அவர்கள் இருக்கும்போதே இளைஞர் அதனைக் கேட்டுப் பழகிக்கொள்வாராக. எவர் பட்டறையிலேனும் கீறிய உலைத்தட்டு மூலையிற் கிடக்குமாயின், இரும்புக் கடைக்காரனை அழைக்குமுன் ஒரு சிறிது மண்ணெண்ணெயும் சுண்ணாம்பும் கொண்டு அதன் கீறல் எங்கே முடிகின்றது என்று பார்ப்பாராக. முடிவிடம் தெரிந்தால் அவ்வுலையைப் பெரும்பாலும் மீண்டும் மூட்டலாம்.